பித்தளைக் குழாய்க்குள் ஒரு போல்ட்

எங்கள் வீட்டில் கடையில் வாங்கியது வாங்கியபடியே இருக்கிறது என்று எந்தப் பொருளையும் காட்ட முடியாது. ஒன்று, நான் அதில் கை வைத்திருப்பேன். இல்லையென்றால் கை வைக்க நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பராமரிப்பது என் வேலை. அங்கே கழித்துப் போடும் சாமான்கள் சாயங்காலம் என் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். காலண்டர் அடித்து முடித்த அலுமினியத் தகடுகளைத்தான் எங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் முருகனும் லட்சுமியும் மங்கலாகத் தெரிவார்கள். "இந்தக் கோழிகளுக்கு என்ன கொறச்சல், தெனமும் சாமி தரிசனம்" என்பாள் என் மனைவி.

குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத தெரு எங்களுடையது. வரும் அன்றைக்கு மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்கப் பொறுக்காமல், குருவி மாதிரிக் கத்தும் ஒரு பழைய அழைப்பு மணியை மிதவையோடு சேர்த்துத் தொட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் மேலே வந்ததும் குருவி கத்தும். அருமையாக வேலை செய்தது. ஒரே தொல்லை, கொஞ்ச நாளில் வேப்பமரத்துக் குருவி கத்தினாலும் என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடினாள். வாஷிங் மெஷின் மோட்டாரில் நான் செய்த தேங்காய்த் துருவி இன்னும் ஒருபடி மேல். முதல் நாளே துருவலில் பாதியை உத்தரத்தில் அப்பிவிட்டது.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்குத் தலைக்கனம் உண்டு. யூடியூபில் எவனாவது எதையாவது செய்து காட்டினால் போனோடு சண்டை போடுவேன். இந்த இடத்தில் ஏன் இத்தனை ஸ்குரூ, அந்த இடத்தில் ஏன் வெல்டிங் என்று திட்டுவேன். அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த வேகம் என் பொருளில் கண்டுபிடிப்பதில் இருந்ததில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புஸ்வாணம் செய்யும் ரூம். அட்டைக் கூம்புக்குள் மருந்தைப் போட்டு, மரக்கட்டையால் அழுத்தி இறுக்கி, அடியை மண் வைத்து மூட வேண்டும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம் என்பது சட்டம். ஆனால் யார் அந்த நாலு பேர் என்பதைச் சட்டம் முடிவு செய்வதில்லை, அந்தப் பெண்களேதான் முடிவு செய்துகொள்வார்கள். ஒருத்தி கை தவறினால் மற்ற மூவருக்கும் அதே கதி என்பதால், பெண் பார்ப்பதைவிட உன்னிப்பாகப் பார்த்துத்தான் ஆள் சேர்ப்பார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகம் சிவந்து வருகிறவளைக் கொஞ்ச நேரம் வெளியே மரத்தடியில் உட்காரவைத்து, மனசு ஆறிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அந்த ரூமில் உட்காரக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். என் மனைவி பதினோரு வருடமாக அதே மூன்று பேரோடு உட்கார்ந்தவள். எங்கள் மகள்கள் இரண்டு பேருக்கும் காது குத்தியபோது மாமன் வீட்டுச் சீரைவிட முன்னதாக வந்தது அந்த மூன்று பேரின் தட்டுதான்.

போன ஆவணியில் அவளுக்கு வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. சீசன் நேரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டையை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கிவிட்டது. சோறு பிசையக்கூட இடது கையைத்தான் நீட்டினாள். இரண்டு நாள் தைலம் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் என் மண்டைக்குள் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

சிக்கலான பொருள் இல்லை அது. அடியில் ஒரு பலகை. அதன் ஒரு முனையில் இரண்டு சின்னத் தூண்கள். தூண்களுக்கு நடுவே ஓர் அச்சாணி, அதில் மாட்டி ஏறி இறங்குகிற நீளமான மரத்தண்டு. தண்டின் நடுவில் கீழ்நோக்கி ஓர் உருண்டைக் கட்டை. பலகையில் குடைந்த குழியில் கூம்பை வைத்து, தண்டின் மறுமுனையை முழங்கையால் மெல்ல அழுத்தினால் கட்டை இறங்கி மருந்தை இறுக்கிவிடும். மணிக்கட்டுக்கு வேலையே கிடையாது. எல்லாம் தேக்கு. ஒரு துளி இரும்பு கிடையாது.

இரும்பு கூடாது என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறி பறக்கும் எதுவும் மருந்துப் பக்கம் போகக் கூடாது. வேனில் ஏறும் முன்பே பெண்கள் சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றிவிடுவார்கள். தலையில் கொண்டை ஊசி கிடையாது, காலில் கொலுசு கிடையாது. ரூம் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள்.

சனிக்கிழமை மாலையே எல்லாம் தயார், அச்சாணியைத் தவிர. கையிலிருந்த பித்தளைக் கம்பியைப் போட்டு அழுத்திப் பார்த்தேன், வளைந்துவிட்டது. கனமான பித்தளையில் லேத்தில் கடைந்துதான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேத்துக் கடை லீவு. "திங்கக்கெழமை கொண்டு வாரேன்னு ரூம்ல சொல்லிட்டேனே" என்றாள் அவள். சொன்னதோடு விடவில்லை, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க செய்யுறது எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான் ஓடும். வாசல் தாண்டுனா ஓடாது போல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் டப்பாவைத் துழாவினேன். அச்சு மெஷினிலிருந்து கழற்றிய ஒரு போல்ட் அளவெடுத்தது போல் பொருந்தியது. நல்ல எஃகு. அதை அப்படியே போட நான் முட்டாள் இல்லை. பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளைக் குழாயை அறுத்து அதன் மேல் சட்டை மாதிரி ஏற்றி, தூண்களின் துளையை அதற்கேற்பக் கொஞ்சம் பெரிதாக்கினேன். போல்ட்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை ரம்பத்தால் அறுத்தேன். இரண்டு முனைகளிலும் பித்தளை மூடி வைத்துப் பற்றவைத்தேன். கடைசியில் புளி போட்டுத் தேய்த்தேன். கோயில் மணி மாதிரி மின்னியது. இவ்வளவுக்கும் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். திங்கட்கிழமை காலை லேத்துக் கடை திறந்ததும் போயிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அவள் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும், நான் அந்த ஒரு கிண்டலைப் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பித்தளைக்குள் பத்திரமாக இருக்கிறது, வெளியே உரச வழியில்லை, ஒரு வாரத்தில் நல்ல அச்சாணி கடைந்து மாற்றிவிடலாம். இப்படித்தான் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒரு துணிப்பையில் அதைப் போட்டு, ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேன் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டேன். சாயங்காலம் அவள் வரும்போதே முகம் பூரித்திருந்தது.

"என்னங்க, அம்புட்டு நல்லா இருக்கு. ஃபோர்மேன் கையில வாங்கிச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. மரமும் பித்தளையுந்தானே, இருக்கட்டும்னுட்டாரு. மத்த மூணு பேரும் மாத்தி மாத்தி அழுத்திப் பாத்தாக. இன்னும் ஒண்ணு செஞ்சு தருவீகளான்னு கேக்காக."

"அத வீட்டுக்குக் கொண்டு வரலையா?" என்றேன்.

"அது எதுக்கு இங்கன? அங்கனேயே வச்சாச்சு."

சாயங்காலம் வீட்டுக்கு வரும், ஒரு சந்தர்ப்பம் பார்த்து அச்சாணியை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பெனிச் சாமானோடு சாமானாக அது அங்கேயே தங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இனி அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்லியாக வேண்டும்.

அந்த வாரமே லேத்துக்குப் போய்ப் பித்தளை அச்சாணி கடைந்து வாங்கிவிட்டேன். அது என் சட்டைப் பையில் கிடந்தது. தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டே எழுவேன். "அந்த மெசின்ல ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு, சாயங்காலம் எடுத்துட்டு வா" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "நல்லாத்தானே ஓடுது, சீசன் முடியட்டும்" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் துணிச்சல் இல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டாலும் உடம்பு சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் வேன் நிற்கும் இடத்தில் அவளை இறக்கிவிட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிடுவேன். இப்போது வேன் வருகிறவரை நின்றேன். அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் நின்றேன். வேன் வளைவில் திரும்பி மறைகிறவரை நின்றேன். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடிவந்து டீ போட்டு வைத்தேன். விருதுநகருக்கு மெஷின் சாமான் வாங்கப் போனவன் அவளுக்குப் பிடித்த எண்ணெய்ப் பரோட்டாவை வாழையிலையில் கட்டி வாங்கி வந்தேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் பிற்பகலில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. இந்த ஊரில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள், எந்தத் திசையில் புகை என்று பார்க்க. ஆளுக்கொரு பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். நான் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாம் எங்கே வெடித்தது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் எதனால் வெடித்தது என்றுகூடத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில், புகை எதுவும் இல்லை, கல்குவாரியில் பாறைக்கு வைத்த வெடி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். படியில் கிடந்த என்னைத் தாண்டிப் போனார்கள்.

இன்றைக்கு என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று அன்று வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ரூம்ல இன்னைக்கு ஒரே கேலி. வேன் மறையுற வரைக்கும் ஒங்க வீட்டுக்காரரு நிக்காரே, என்ன சங்கதின்னு கேக்காக. கல்யாணம் முடிஞ்சு இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் மனுசனுக்குப் பாசம் பொங்குதுன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே…"

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். காதோரம் சிவந்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, நானும் சிரித்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்பெனி கேட் நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பெண்கள் எல்லோரும் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகும் இடம் அது. கேட் நம்பரிலிருந்து போன் வந்தால் எங்கள் ஊரில் யாரும் ஹலோ சொல்வதில்லை, சும்மா காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றேன்.

"வீட்டுக்கு வாங்க" என்றது அவள் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும்தான் விவரம் சொன்னாள். அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததால், ஃபோர்மேன் ஒவ்வொரு ரூமாகக் கயிற்றில் கட்டிய காந்தத்தோடு போயிருக்கிறார். எங்கள் மெஷினுக்கு மேலாகக் காந்தம் போனபோது அது அச்சாணியின் பக்கம் சாய்ந்து 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. அவர் நாலு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, அதை அப்படியே தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியிருக்கிறார். பிறகு வெளியே மரத்தடியில் வைத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பித்தளைச் சட்டை ஒரு பக்கம் தேய்ந்து, நகம் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் இரும்பு தெரிந்தது. அதில் மருந்து படிந்து கறுத்துப்போயிருந்தது.

உரச வழியில்லை என்று நான் சொல்லிக்கொண்டேனே, அந்த இடம்தான்.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள். "இது எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, பழைய சாமான்ல உள்ளுக்குள்ள கெடந்திருக்கும், தெரிஞ்சா அவரு போடுற ஆளே இல்லன்னு சொன்னேன். அந்த மூணு பேருக்கும் முன்னால, எம்புள்ளைக ரெண்டு பேரு மேலயும் சத்தியம் பண்ணுனேன்." மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "நான் சொன்னது சரிதானே? ஒங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.

எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். அவள் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டாள், பிள்ளைகள் மேல் செய்த சத்தியத்தை எப்படி உடைப்பது என்றெல்லாம் நியாயம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பயந்தேன், அதனால் பொய் சொன்னேன். அவ்வளவுதான்.

ஃபோர்மேன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஆனால் ஒரேயடியாக இல்லை. "ரூம்காரங்க மூணு பேரும் சேத்துக்கிட்டாங்கன்னா வாம்மா" என்றிருக்கிறார். அதில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே மூன்று பேர் வீட்டுக்கும் போனாள். ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்து, காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, பிள்ளைக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. மூத்தவர், பக்கத்துத் தெருவில் இருப்பவர், என் மனைவி அக்கா என்று கூப்பிடுகிறவர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். வேன் வரும் நேரத்துக்கு எழுந்து தலை சீவிக்கொள்வாள். பிறகு போக இடமில்லாமல் முற்றத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டுவாள். வேறு கம்பெனியில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "பதினோரு வருசம் ஒண்ணா ஒக்காந்தவுகளே வேணாங்கும்போது, வேற எந்த ரூம்ல என்னச் சேப்பாக?" என்றாள். சாப்பாட்டை அளைந்துகொண்டிருப்பாள். நான் போட்டுக் கொடுக்கும் டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடம் சொல்லாமல் நான் மூத்தவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தை வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வாங்க தம்பி. நீங்க எப்ப வருவீகன்னுதான் இருந்தேன்."

அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவள்மேல் தப்பில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"இரும்பத் தெரியாமப் போட்டிருக்கலாம் தம்பி. எங்க வீட்டு ஆம்பளைக்கெல்லாம் பித்தளை எது, தகரம் எதுன்னே தெரியாது. ஆனா ஃபோர்மேன் பிரிச்சுக் காட்டும்போது நான் கிட்ட நின்னு பாத்தேன். அந்தப் போல்ட்டோட தல அறுத்திருந்துச்சு. தெரியாமப் போடுறவன் தலைய எதுக்கு அறுக்கான்?"

"தெரியும்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, லேத்துக் கடை லீவு, அவள் செய்த கிண்டல், சட்டைப் பையில் கிடந்த புது அச்சாணி. சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று தெரிந்தது. நாலு பெண்களை ஒரு கிண்டலுக்காக அடகு வைத்திருக்கிறேன். அந்த நாலில் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, நான் முடிக்கட்டும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அம்புட்டுத்தான் எங்களுக்குத் தெரியணும். அவளும் சேந்து மறைச்சிட்டாளோன்னுதான் மூணு பேரும் அவ மொகத்தப் பாக்கல. புள்ளைக மேல சத்தியம் பண்ணுறா, போல்ட்டு ஒண்ணு சொல்லுது. நாங்க எத நம்ப?" முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "நாளைக்கு அவள வரச் சொல்லுங்க. மத்த ரெண்டு பேருகிட்டயும் நான் பேசிக்கிடுதேன். ஆனா, சொல்லிட்டு அனுப்புங்க தம்பி. நீங்க சொல்லாம அனுப்புனீகன்னா, அவ வந்து ஒக்காந்ததும் நாங்க சொல்ல வேண்டியிருக்கும். எங்க ரூம்ல எதையும் மறைச்சு வச்சுக்கிட்டு ஒக்கார முடியாது."

வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முதலில் நல்ல செய்தியைச் சொன்னேன், நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் முன்யோசனை இல்லாமல் தலைகீழாகத்தான் செய்தேன்.

அவள் கையில் இருந்த மிளகாயைக் கீழே போடவில்லை. அழவும் இல்லை. இரும்பைப் பற்றிக் கேட்பாள், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பாள், பிள்ளைகள் மேல் செய்த சத்தியத்தைப் பற்றிக் கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதிலை உருட்டிக்கொண்டு நின்றேன். அவள் மனசுக்குள் எதையோ கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப, அந்த மூணு வாரமும் வேன் போற வரைக்கும் நின்னீகளே. அது இதுக்குத்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"டீ போட்டது? பரோட்டா வாங்கிட்டு வந்தது?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

"நான் அதப் பாசம்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

பாசமும்தான் என்று சொல்ல நினைத்தேன். அது பொய்யும் இல்லை. அந்த மூன்று வாரத்தில்தான், அவள் இல்லாவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன். ஆனால் "தெரியாது" என்று சொன்ன அதே வாயால் அதைச் சொன்னால் அவள் எதை வைத்து நம்புவாள்? அவள் குனிந்து மிச்ச மிளகாயையும் பரப்பினாள்.

மறுநாள் காலை அவள் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தபோது, நான் ஸ்கூட்டரை எடுத்து வெளியே நிறுத்தியிருந்தேன். அவள் ஏறவில்லை. சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"நான் நடந்தே போய்க்கிடுதேன். நீங்க வர வேணாம்" என்றாள். "நீங்க அங்கன நிக்கிறதப் பாத்தா, பாசம் பொங்குதுன்னு நான் ரூம்ல சொன்னது நெசம்னு மறுபடியும் நெனச்சுக்கிடுவாக."